பூச்சியம் தசம் ஒன்பது நான்கு வோல்ற்

அன்றைக்கு அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். முன் விறாந்தையில், பட்டியல் மேசைக்குப் பின்னால், சாம்பல்தீவிலிருந்து வரும் இராசமலர். வாசலுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நின்ற கொழும்பு வானின் சாரதி இருக்கையில் றஊப். நடு அறையில், கொம்பியூட்டருக்கு நேர் எதிரே, ஒரு கை உடைந்த கதிரையில் பாக்கியரத்தினம். இராணுவச் சுற்றிவளைப்பு வந்தால் ஆளும் இருப்பிடமும் கொப்பியோடு ஒத்துவர வேண்டும். அதனால் ஒவ்வொரு காலையும் அவர் இப்படி எழுதி, அடியில் கோடு கீறி, திகதி போடுவார். 2007, மாசி 14.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது திரையில் அந்த எண் மறுபடியும் இறங்கியிருந்தது.

துறைமுக வீதியில் அலுவலகமாக இருந்த அந்தப் பழைய வீட்டில், இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உலர் உணவு கொடுப்பதற்கான பட்டியல்களைப் பதிவார்கள். எல்லாம் அந்த ஒரு லினக்ஸ் பெட்டிக்குள்தான். ஒரு மாதமாக அது வேலைக்கு நடுவில் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. மதர்போட்டில் உள்ள சென்சர், புரொசசருக்குப் போகும் வோல்ற் 0.94 என்று சொல்லியது. ஒன்றுக்குக் கீழே போனால் பெட்டியை நிறுத்து என்று ஒரு கட்டளை உள்ளே இருந்தது. ஆனால் அந்தப் புரொசசருக்கு வேண்டியது 1.31. உண்மையில் 0.94 தான் போகிறதென்றால் பெட்டி எழும்பவே எழும்பாது.

கொழும்புத் தலைமை அலுவலகம் ஒரே வரியில் எழுதியிருந்தது. பதினான்காம் திகதி வானில் இயந்திரம் வரவேண்டும், அல்லது அது நல்லதென்று கடிதம் வரவேண்டும்.

"சேர், உங்கட பெட்டிக்கு இண்டைக்கும் ரத்தம் காணாதோ?" இராசமலர் விறாந்தையிலிருந்து கேட்டாள். "ஈரல் பொரிச்சுக் குடுத்துப் பாருங்கோவன்."

"முதலில உமக்குப் பொரிச்சுத் தின்னும். காத்தடிச்சா பறக்கிற ஆள்."

அவள் சிரித்தாள். அந்த வீட்டுக்குள் ஒரு நாளில் கேட்கும் சிரிப்பு அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணியோடு வடக்கு வீதி பூட்டுகிறார்களாம் என்று கதை வந்தது. அவள் பையைத் தூக்கினாள். "தனிய இருக்காதையுங்கோ சேர். றஊப் அண்ணனை உள்ளுக்குக் கூப்பிடுங்கோ." ஓம் என்றார். கூப்பிடவில்லை.

கடலைப் பார்த்த ஜன்னல்களைக் கடற்படையின் கட்டளைப்படி பலகை வைத்து அறைந்திருந்தார்கள். பலகை இடுக்குகளால் மெல்லிய வெயில் கோடுகளும் சேற்று மணமும் மட்டுமே உள்ளே வந்தன. எங்கோ தூரத்தில், தெற்கே, யாரோ பெரிய அலுமாரியை இழுப்பதுபோல் ஷெல் சத்தம் உருண்டு ஓய்ந்தது. பெட்டியின் விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. பாக்கியரத்தினம் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சீஆர் கொப்பியில் கோடு கீறினார். சோதனைக்காக நிறுத்தும் கட்டளையைக் காலையிலேயே எடுத்துவிட்டிருந்தார்.

ஒன்று. லினக்ஸ் ஏற முன்னம் வரும் நீலத்திரையில் 1.31. இரண்டு. மல்ரிமீற்றரின் ஊசியைப் புரொசசருக்குப் பக்கத்துச் சுருளில் வைத்தபோதும் 1.31, அசைவில்லாமல். மூன்றாவதைக் கண்டதும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சென்சரை எப்படி வாசிப்பதென்று சொல்லும் அமைப்புக் கோப்பைக் கிண்ணியா அலுவலகப் பெட்டியிலிருந்து அப்படியே கொண்டுவந்து போட்டவர் அவரேதான். இரண்டு பெட்டியிலும் மேலே ஒட்டியிருந்த பெயர் ஒன்றுதான், உள்ளே சிப் வேறு. அடுத்த வீட்டுக்காரனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசித்த கதை.

கோப்பைத் திருத்தினார். 1.31.

அப்பாடா என்று சாய்ந்தார். கதிரை கிரீச்சிட்டது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எண் இறங்கியது. 1.20. 1.07. 0.94.

பிறகு ஏறியது.

மல்ரிமீற்றர் மட்டும் 1.31 இலேயே நின்றது. சென்சரோடு பேசும் நிரலையே கழற்றிவிட்டார். இனி எண்ணே வரக்கூடாது. வந்தது. ஏறியது, இறங்கியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு வரியாக எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் நிரம்பியது. மற்றப் பக்கமும் நிரம்பியது. எழுதியதை விரலால் தடவிக்கொண்டு போனபோது விரலுக்குத்தான் முதலில் விளங்கியது. நீளமான மூன்று ஏற்றம். நாலாவது பாதியில் தடக்கி, குட்டியாய் இரண்டு இழுப்பு, பிறகு நெடிய இறக்கம். மறுபடி நீளமான மூன்று.

இந்தக் கணக்கு அவருக்குத் தெரியும்.

லிங்கநகர் வீட்டில் இரண்டு பாய்கள். ஒன்றில் அவர், மற்றதில் தம்பி கனகசுந்தரம். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். இரா முழுக்க அந்த மூச்சு மூன்று தரம் நீளமாய் வந்து நாலாவதில் தடக்கும். முப்பது வருடம் அதைக் கேட்டுத்தான் பாக்கியரத்தினம் நித்திரை கொண்டார். கடந்த ஆனி மாதம் ஒருநாள், சீனன்குடா எண்ணெய்த் தாங்கியடிக்கு வேலைக்கென்று சைக்கிளில் போன கனகசுந்தரம் திரும்பி வரவில்லை. ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டின் அமைதியில் அவர் நித்திரை கொண்டதில்லை.

"தம்பி?"

எண் நின்றது. 0.94. எட்டுச் செக்கன். ஒன்பது. விசிறி மட்டும் இரைந்தது.

பிறகு, மெதுவாக, ஏறத் தொடங்கியது. தடக்கியது. குட்டியாய் இரண்டு இழுப்பு.

அவர் புதுப் பக்கத்தைத் திருப்பினார். கேட்டுப் பார்க்கலாம். தம்பிக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டு, நிற்கிறதா நிற்கவில்லையா என்று எண்ணலாம். கொப்பியில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கீறினார். பிறகு அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டார். ஆயுளில் முதல்தடவையாக ஓர் அளவை அவர் சரிபார்க்கவில்லை.

வெளியே வானின் ஹோர்ன் அடித்தது.

"பாக்கியண்ணே! பெட்டி வருதா, கடிதம் வருதா? கந்தளாய்ச் செக்பொயின்றைப் பூட்டினா நான் வானுக்குள்ளதான் படுக்கணும். நுளம்புக்கு நான்தான் ராச்சாப்பாடு."

"கடிதம். பத்து நிமிசம் பொறு."

"பெட்டி பிழையெண்டுதானே மாசம் முழுக்கச் சொன்னீங்க?"

"பெட்டி நல்லம் றஊப். அளவுதான் பிழை."

கடிதத்தாளை எடுத்தார். இடம், திகதி, ஐயா, விடயம். கீழே அடிக்கோடு. 'மேற்படி இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. கொழும்புக்கு அனுப்பத் தேவையில்லை.' அதோடு நிறுத்தியிருக்கலாம். இராசமலர் நாளைக்கு வருவாள், கதைப்பாள், சிரிப்பாள், இந்த மேசையில் இருந்து தட்டுவாள், தம்பியோடு தனிய இருக்க விடமாட்டாள். பேனை தானாகவே கீழே இறங்கியது. 'பட்டியல் வேலைக்கு ஒருவர் போதும். திருமதி இராசமலரைக் கிண்ணியாவுக்கு மாற்றலாம். இரவிலும் நான் இங்கேயே தங்கச் சம்மதிக்கிறேன். வேறு எவரையும் அனுப்பத் தேவையில்லை.'

எழுதி முடியும்வரை திரையில் மூச்சு வேகமாய் ஓடியது. கையொப்பம் வைத்ததும் ஆறியது.

தாளை மூன்றாக மடித்து மண்ணிற உறைக்குள் வைத்தார். ஒட்டுவதற்காக உறையின் பசை மடலை நாக்குக்குக் கொண்டுபோனார்.

மடல் ஈரமாக இருந்தது.

பசை முழுவதும், ஓரத்திலிருந்து ஓரம்வரை, பதமாக நனைந்திருந்தது. அறையில் தண்ணீர் இல்லை. அவருடைய வாய் மத்தியானத்திலிருந்து காய்ந்து கிடந்தது. உறை அவர் கையை விட்டுப் போகவுமில்லை.

விரலால் தொட்டார். இளஞ்சூடு.

"அண்ணே, கடிதத்தைத் தாங்க!" றஊப்பின் கை விறாந்தைப் பக்க ஜன்னல் கம்பிகளுக்குள்ளால் நீண்டது.

கிழிக்கலாம். இப்போதே கிழிக்கலாம். பெட்டியைத் தூக்கி வானில் ஏற்றலாம். றஊப்போடு தானும் ஏறலாம். அவர் திரையைப் பார்த்தார். நீளமாய் ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது தடக்கியது, பாவம்போல.

மடலை அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. கொடுத்தார்.

வான் திரும்பி, வீதியில் ஏறி, காவலரணைத் தாண்டும்வரை சத்தம் கேட்டது. பிறகு இல்லை.

எண் ஏறியது. தடக்கவில்லை.

1.31. 1.60. 2.20.

இறங்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது.

மேசையில் விரித்திருந்த கொப்பியின் பக்கம் எழும்பி, அவர் பக்கமாகச் சாய்ந்து, அவருக்குப் பின்னால் ஏதோ மூச்சை உள்ளிழுப்பதுபோல் விறைத்து நின்றது. அவருடைய பிடரியில் மயிர் ஒவ்வொன்றாகப் பின்புறம் இழுபட்டது.