மறுமுனை

"வந்துச்சு" என்றது தொலைபேசி.

அவள் இன்னும் ஒயரைச் செருகவே இல்லை. நீல ஒயரின் நுனி அவளுடைய இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தது. அது போய் உட்கார வேண்டிய இருபத்துநான்காவது துளை, சுவிட்ச் பெட்டியின் வலது ஓரத்தில் விளக்கில்லாமல் காலியாகக் கிடந்தது.

"என்னது வந்துச்சு? நான் இன்னும் போடவே இல்லையே."

ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் ஓடியது. பிறகு, "போச்சு" என்றார் அவள் கணவர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சோறு இறங்குவதற்கு முன்பே சாப்பிட்டாயிற்று என்று கை கழுவுகிற மனிதர்; வேலையிலும் அதே அவசரம்.

ஒரு ஒயருக்கு இரண்டு முனை. ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவர். இவள் செருகினால் அங்கே பச்சை விளக்கு எரியும், அவர் "வந்துச்சு" என்பார். பிடுங்கினால் அணையும், "போச்சு" என்பார். பதினோரு வருடக் குடித்தனத்தில் இவர்கள் அதிகம் பேசிக்கொண்டது இந்த இரண்டு வார்த்தைகளைத்தான் என்று அவளுடைய நாத்தனார் கேலி செய்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. விளக்கு பொய் சொல்லும், வரைபடம் பொய் சொல்லும், சமயத்தில் கண்ணே பொய் சொல்லும், அதனால் எதையும் மறுமுனையைக் கேட்காமல் நம்பாதீர்கள் என்று அவள் அவருக்குச் சொல்லிவைத்திருந்தாள். அவரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆறு மாடிக் கட்டடத்தில் கீழே இருக்கும் வாட்ச்மேனைத் தவிர ஆள் கிடையாது. மூன்றாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும் ஒரே அலுவலகம். நான்காவது மாடியில் இருந்தவர்கள் காலி செய்து ஒரு வருடமாகிறது, மின்சாரத்தையும் துண்டித்தாயிற்று. ஒவ்வொரு மாடியிலும் உள்ள கணினிகளை ஒன்றாகக் கோத்து வைப்பது ஒரு சுவிட்ச். இரண்டு சுவிட்சுகளையும் இணைப்பது, நான்காவது மாடிச் சுவருக்குள் புகுந்து மேலே ஏறும் ஒற்றை ஒயர். வியாழக்கிழமையிலிருந்து ஐந்தாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாளைக் காலை ஆட்கள் வருவதற்குள் சேர்த்துவைத்தாக வேண்டும்.

பேச்சுவார்த்தை இல்லாதது சுவிட்சுகளுக்கு மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் இந்தக் கட்டடத்துக்குத் தனியாக வந்துவிட்டு, இரண்டு மணி நேரம் கைப்பேசியை எடுக்காமல் இருந்தார். யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "உன்கிட்டதான். மேல இருக்கற ஆபீஸ் போன்ல" என்றார். தனக்கு வராத அழைப்பில் தன்னோடு பேசினாராம். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இன்று காலை அவர் குளிக்கப் போனபோது அவருடைய கைப்பேசியை எடுத்துத் துழாவினாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை. அதை எடுத்து அவள் பையிலேயே போட்டு, "நீயே வச்சுக்க, நிம்மதியா இரு" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அவள் இருந்த மூன்றாவது மாடிச் சுவிட்ச் அறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். ஜன்னல் இல்லை. சூடான பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த வாசனை, இடைவிடாமல் சுற்றும் சின்ன விசிறிகளின் முனகல், இருட்டில் கடுகு கடுகாகத் துடிக்கும் பச்சை விளக்குகள், இவற்றுக்கு நடுவில் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பேசிக்கு இங்கே சிக்னல் வராது. அதனால் எப்போதும் போல அலுவலகத்து மேசைத் தொலைபேசிகளை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். மேலே போனதும் அவர்தான் கூப்பிட்டார்.

இப்போது ஒயரைச் செருகினாள். விளக்கு எரியவில்லை.

"வந்துச்சா?"

"வந்துச்சா" என்றார் அவர்.

"நான் கேக்கறேங்க. நீங்க சொல்லணும்."

"வந்துச்சு."

"இங்க வரல. அங்க மட்டும் எப்படி வரும்? எந்தத் துளையப் பாக்கறீங்க? மேல ஒட்டியிருக்கறதப் படிங்க."

"நீ ஒட்டினதுதானே" என்றது குரல். "நீயே சொல்லு."

காலையில் காட்டாத கோபம் இப்போது வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக ஆரம்பித்தது, பழகிவிட்டது. மேலே போனதிலிருந்து ஒரு தடவைகூட மேடம் சொல்லவில்லை.

"என்ன, இன்னிக்கு மேடத்தக் காணோம்?"

மறுபடியும் அந்த இரைச்சல். யாரோ வாயைத் திறந்துவைத்துக்கொண்டு மூச்சு விடாமல் இருப்பதைப் போல இருந்தது.

"கூப்பிடலையா, மேடம்?" என்றார். "சரி, மேடம். இனிமே கூப்பிடறேன், மேடம்."

அவள் தொலைபேசியைப் பார்த்தாள். குரல் அவருடையதுதான்; வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் கரகரப்பாகும் அதே குரல். ஆனால் பாடம் ஒப்பிப்பவர் போலப் பேசினார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? வெள்ளிக்கிழமை கூட இருந்த ஆளா? இப்படியெல்லாம் நினைக்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சலோடு பையிலிருந்து சோதனைக் கருவியை எடுத்தாள்.

அது பொல்லாத கருவி. ஒயரின் ஒரு நுனியை அதில் மாட்டினால், ஒயர் எத்தனை மீட்டர் ஒழுங்காகப் போகிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். இங்கிருந்து ஐந்தாவது மாடி முப்பத்தெட்டு மீட்டர். நீல ஒயரை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். பத்தொன்பது என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். பத்தொன்பது.

"ஏங்க, ஒயரு நடுவுல அறுந்திருக்கு. சரியா பாதியில. நாலாவது மாடி."

"எலியா இருக்கும், மேடம்."

"இருக்கலாம்."

"நாலாவது மாடிக்கு வந்து பாக்கறியா, மேடம்? பூட்டு இல்ல. சும்மா சாத்திதான் இருக்கு."

"அஞ்சாவது மாடியில இருக்கற உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

அவள் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு யோசித்தாள். அறுந்த ஒயர். வியாழக்கிழமையிலிருந்து அறுந்தே கிடக்கிறது. மேலே உள்ள சுவிட்சுக்கும் கீழே உள்ள சுவிட்சுக்கும் நடுவில் இதைத் தவிர வேறு ஒயர் கிடையாது. ஒரு எழுத்துகூட இங்கிருந்து அங்கே போக முடியாது, ஒரு...

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பித் தொலைபேசியைப் பார்த்தாள்.

தொலைபேசியின் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிற ஒயர் கிளம்பி, தரையில் வளைந்து, சுவிட்சின் ஏழாவது துளைக்குள் போயிற்று. இந்த மாதிரி அலுவலகங்களில் தொலைபேசிக்கென்று தனிக் கம்பி கிடையாது. பேச்சும் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஒற்றை நீல ஒயர் வழியாகத்தான் ஐந்தாவது மாடிக்கு ஏற வேண்டும். செத்துப்போன ஒயரைச் சோதிக்க அதே ஒயரில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இருபது கட்டடங்களில் பழகிய பழக்கம். இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நீல ஒயர் இப்போது அவள் கையில் இருந்தது.

"மேடம்?" என்றார் அவள் கணவர். "ஏன் பேச மாட்டேங்கறே?"

தொழில்காரி அல்லவா, பயத்திலும் கை, சுவிட்சோடு இணைத்திருந்த மடிக்கணினிக்குத்தான் போனது. ஒவ்வொரு சுவிட்சும் தனக்கு அடுத்து எந்தச் சுவிட்ச் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஒயர் அறுந்திருப்பதால் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். அதில் ஒரு வரி இருந்தது.

மாடி-4.

மாடி-3, மாடி-5 என்று பெயர் வைத்தது அவள்தான். நான்காவது மாடியில் அவள் எதையும் வைக்கவில்லை. அங்கே எதை வைத்தாலும் ஓட மின்சாரம் இல்லை.

சாம்பல் நிற ஒயரைப் பிடித்து இழுத்தாள். தொலைபேசியின் திரை அணைந்தது. விசிறிகளின் முனகல் மட்டும். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. அது ஒன்றுதான் இப்போது அவளுக்கு வேண்டும். வெளியே போய்க் கைப்பேசியில் கூப்பிடலாம் என்று பையைத் திறந்தால் உள்ளே இரண்டு கைப்பேசிகள் கிடந்தன. அவருடையதைப் பிடுங்கி வைத்துக்கொண்டது தன் சந்தேகம்தான் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

லிப்ட் நிறுத்தியிருந்தது. படிக்கட்டு ஜன்னல்களில் வெயில் பளீரென்று அடித்தது. தெருவில் ஒரு வண்டி ஹாரன் கொடுத்துக்கொண்டு போனது. எல்லாம் சாதாரணமாக இருந்ததுதான் அவளை மேலும் பயமுறுத்தியது. நான்காவது மாடி வந்தது. சங்கிலி போட்டுப் பூட்டிய மரக்கதவு. பூட்டின்மேல் தூசி. தாண்டிப் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"... ஆமாங்க. நான் இன்னும் கீழதான் இருக்கேன். மூணாவது மாடியில. எங்க போவேன்?"

நிதானமான குரல். கொஞ்சம் கேலி கலந்த குரல். நடுநடுவே நிறுத்தி, மறுபக்கம் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் கல்யாண வீடியோவில் கேட்டிருக்கிறாள். அது அவளுடைய சிரிப்பு.

உன்கிட்டதான் பேசினேன் என்று அவர் சொன்னது பொய் இல்லை. இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். வீட்டைப் பற்றி, குழந்தையைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றி. அவளுக்கு அவராகவும், அவருக்கு அவளாகவும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எதுவோ இரண்டு பக்கமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"மேல யாராவது வருவாங்க" என்றது கதவுக்குள்ளிருந்த குரல். "என்னை மாதிரியே இருக்கும். கதவத் திறந்துடாதீங்க."

அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். ஐந்தாவது மாடி. கனத்த கண்ணாடிக் கதவு. உள்பக்கம் தாழ்.

அவர் உள்ளேதான் இருந்தார். உயிரோடு, முழுசாக, வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணாடியை இரண்டு கைகளாலும் தட்டினாள்.

"ஏங்க. போன வைங்க. அது நான் இல்ல. திறங்க."

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். முகத்திலிருந்த இரத்தமெல்லாம் வடிந்தது. அவர் அவளை இப்படிப் பார்த்ததே இல்லை. ரிசீவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஏதோ கேட்டார். கண்ணாடி வழியாகச் சன்னமாகக் கேட்டது.

"மேடம், வந்து நிக்குது. உன் சேலைதான். உன் முகம்தான். என்ன செய்யட்டும்?"

கேட்டார். மறுமுனை சொன்னதற்குத் தலையாட்டினார். கிட்டே வந்து தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார்.

"என்னைப் பாருங்க" என்று கத்தினாள். "நான்தாங்க. நம்ம குட்டி சத்தியமா நான்தான். நம்ம பப்பிம்மா சத்தியமா."

வீட்டுக்குள் மட்டும் குழந்தையைக் கூப்பிடுகிற பெயர். அவருடைய அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவர் கண்கள் ஒரு நொடி தடுமாறின. தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். அவர் ரிசீவரில் மெதுவாகச் சொன்னார்.

"குட்டி பேரச் சொல்லும்னு சொன்னியே. சொல்லிடுச்சு."

பின்னால் நகர்ந்தார். ஒரு அடி. இன்னொரு அடி.

"சரி. பின்பக்கப் படி வழியா வந்துடறேன். நீ அங்கயே இரு."

ரிசீவரை மேசைமேல் வைத்தார். அவள் தோளால் கதவை மோதினாள். காலால் உதைத்தாள். அசையவில்லை. ஓடிப் போய் அந்தப் படியைப் பிடிக்கலாம். ஆனால் அது எந்தப் பக்கம்? தெரியவில்லை. அவர்மேலிருந்து கண்ணை எடுத்தால் அவ்வளவுதான் என்று தோன்றியது.

வரிசை வரிசையான காலி மேசைகள். அவற்றின் நடுவே போகிறார். ஏறக்குறைய ஓடுகிறார். கடைசியில் ஒரு இரும்புக் கதவு. அவர் கை நீட்டுவதற்குள் அது திறந்தது. அப்பால் இருட்டு. நடுப்பகலில் அப்படி ஒரு இருட்டு.

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. அவளுடைய கை.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தோள்கள் தளர்ந்தன. தப்பித்தோம் என்கிற நிம்மதி அந்த முதுகில் அப்படியே தெரிந்தது. ஒரு தடவை திரும்பி, கண்ணாடிக்கு வெளியே அலறிக்கொண்டிருந்த தன் மனைவியை அருவருப்போடு பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

கதவு மூடுவதற்கு முன் ஒரு முகம் மட்டும் வெளியே எட்டி அவள் இருந்த பக்கம் திரும்பியது. அவளுடைய நெற்றி. அவளுடைய மூக்கு. கேலி கலந்த அதே சிரிப்பு. கண்கள் மட்டும் இன்னும் முளைத்திருக்கவில்லை.