அரையாள்

முன்மேசையிலிருந்து வாசிப்பறை வரை ஒரே கையால் தூக்கி வந்த பெட்டியை, ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைக்க இப்போது இரண்டு கையும் வேண்டியிருந்தது. அசதி, என்று நினைத்துக்கொண்டாள் அந்த மாணவி. சாப்பிடாமல் கொள்ளாமல் படித்துக்கொண்டிருந்தால் பஞ்சுகூடக் கனக்கத்தான் செய்யும்.

அந்த மருத்துவக் கல்லூரி நூலகம் புத்தகத்தை மட்டும் இரவல் கொடுப்பதில்லை, எலும்பும் கொடுக்கும். மரப்பெட்டிக்குள் ஒரு கெட்டித் துணிப்பை. பைக்குள் யாரோ ஒருவரின் இடது பக்கம்: இடது கை, இடது கால், இடது தோள், இடது விலா. வலது பக்கம் கிடையாது. அதனால் அதற்கு அரையாள் என்று பெயர். யார் வைத்த பெயரோ, நூலகரக்காகூட அப்படித்தான் சொல்வார்.

"அரையாளைப் பத்திரமா பாத்துக்கோம்மா," என்றுதான் இன்றும் பெட்டியை நீட்டினார். "பாதியா போறவன் பாதியாத்தான் திரும்பி வரணும். ஏதாவது குறைஞ்சுது, உன்னோடதை எடுத்து வச்சுடுவேன்."

அவள் பேருக்குச் சிரித்து வைத்தாள். நாளைக் காலையில் மறுதேர்வு. இதிலும் தவறினால் கல்லூரியை விட்டுப் போக வேண்டியதுதான். பாடம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். போன முறை தேர்வாளர் கையில் கொடுத்த, கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பின் பெயரைச் சொன்னாள், வளைவுகளைச் சொன்னாள், அதில் ஒட்டும் தசைகளையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். கடைசியில், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடது என்றாள். அவர் எலும்பை வாங்கி அடுத்த பையனிடம் கொடுத்துவிட்டார்.

இடம் வலம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தகராறுதான். ஒருநாள் அண்ணன் ஊஞ்சலை வேகமாக ஆட்டிவிட்டு அவளைக் கீழே விழ வைத்தான். வலது காறை எலும்பு முறிந்து, கூடி, அந்த இடம் சின்ன மேடாக நின்றுவிட்டது. "அழாதடி. மேடு இருக்கற பக்கம்தான் வலது. இனிமே உனக்குக் குழப்பமே வராது பாரு," என்று தான் செய்ததற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து தெருமுனையில் திரும்பும்போதும் செருப்பு மாட்டும்போதும் அவள் விரல் தானாகச் சட்டைக் கழுத்துக்குள் போய் அந்த மேட்டைத் தொட்டுக்கொள்ளும்.

கண்ணை மூடினாள். பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த பைக்குள் மறுபடி வலது கையை விட்டாள். பார்க்காமல் தடவிப் பெயரும் பக்கமும் சொல்ல வேண்டும், பிறகு வெளியே எடுத்துச் சரிபார்க்க வேண்டும். இங்கே எல்லோரும் படிப்பது அப்படித்தான். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் போட்டது. பழைய காகிதமும் மெருகெண்ணெயும் பூச்சி உருண்டையும் கலந்த வாசனை ஈரக் காற்றில் கனத்துப் போய், பையின் வாய்க்குள்ளிருந்தே வருவதுபோல அவள் முகத்தில் மெல்ல மெல்லப் பட்டது.

உள்ளே ஏதோ கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

முழங்கால் சில்லு. வெளியே எடுத்தாள். கூர்முனை தன்னைவிட்டு விலகியிருக்கும்படி மேசையில் படுக்க வைத்தாள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துச் சில்லு.

சாய்ந்தது. அவள் விரல் மேட்டைத் தொட்டது. வலது.

மறுபடி வைத்தாள். மறுபடியும் வலது. பைக்குள் துழாவி இன்னொரு சில்லை எடுத்து வைத்தாள். அது சமர்த்தாக இடது பக்கம் சாய்ந்தது.

"அக்கா," என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். "வேற பெட்டி எலும்பு இதுல கலந்துடுச்சா?"

"வேற பெட்டி ஏதும்மா? காலேஜ் பூராவுக்கும் இருக்கறது இந்த ஒரே அரையாள்தான்."

"வலது சில்லு ஒண்ணு இருக்குக்கா."

முன்மேசையிலிருந்து சிரிப்பு வந்தது. "உனக்கு எது வலது, எது இடதுன்னு எனக்குத் தெரியாதா? நல்லாப் பாரும்மா. நாளைக்கும் சொதப்பிடாத."

உண்மைதானே. தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும். எப்போதும் அப்படித்தானே. எழுந்துபோய்க் காட்டிவிடலாம் என்று காலை ஊன்றினாள். வலது கால் நனைந்த துணி மாதிரி மடங்கியது. நாற்காலியிலேயே விழுந்தாள். ரொம்ப நேரம் ஒரே வாக்கில் உட்கார்ந்ததில் மரத்துவிட்டது. அவ்வளவுதான். முழங்காலை அமுக்கிப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று சரியாகச் சொல்லிவிட்டால் போதும். பிறகு மூடி வைத்துவிடலாம்.

கையை விட்டாள். பைக்குள் எலும்புகள் விலகி வழிவிட்டன. அவள் நகர்த்தாமலே விலகின. ஏதோ ஒன்று அவள் விரல்களுக்கு இடையில் வந்து நின்றது. விரல்கள். ஒவ்வொன்றாக, அவள் அவற்றைத் தடவிய மாதிரியே, அவை அவளைத் தடவின. கட்டைவிரலில் ஆரம்பித்து. நிதானமாக. படிப்பதுபோல.

பிறகு தொடு உணர்ச்சி போய்விட்டது.

இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. எடையில்லாமல் வந்தது. மேசை விளிம்பில் தொங்கியது, கழற்றிப் போட்ட கையுறையாக.

கத்தினாள். காற்றுதான் வந்தது. மார்பின் ஒரு பக்கம் உள்வாங்கியது. எழும்பவில்லை.

பையின் வாய் அசைந்தது. ஓர் எலும்பு உருண்டு வெளியே வந்தது. அவள் முன்னால் நின்றது. மெலிந்தது. இரண்டு வளைவு. காறை எலும்பு.

நடுவில் ஒரு சின்ன மேடு.

இடது கை தானாக மேலே போனது. சட்டைக் கழுத்துக்குள். விரல் மேட்டைத் தேடியது. தோல் இருந்தது. தோலுக்குக் கீழே ஒன்றுமில்லை. விரல் தலையணைக்குள் போவதுபோல அழுந்தி, உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

எந்தப் பக்கம்?

இந்த முறை அவளுக்குச் சந்தேகமே இல்லை. வலது.

காறை எலும்பு மெல்லத் திரும்பி, உருண்டு, பைக்குள் போனது. உள்ளே ஏதோ ஒன்று பொருந்திக்கொள்ளும் சத்தம். சின்னதாக. இன்னொன்று. மின்விசிறி செருமியது. நடையில் சாவிக்கொத்து குலுங்கியது.

"போதும்மா படிச்சது," நூலகரக்காவின் குரல் வாசலை நெருங்கியது. "பூட்டணும். எழுந்திரு."

அவளால் முடியவில்லை. மேசைமேல் இருந்த துணிப்பை, முதலில் ஒரு தோளையும் பிறகு மறு தோளையும் நிமிர்த்தி, மெதுவாக எழுந்தது.