அவளுக்கு வரவேண்டிய படம்

திரையில் இருந்த தலைக்கு இடது காதுமடல் சற்றுப் பிய்ந்திருந்தது. அவனுக்கும் அப்படித்தான். சிறு வயதில் கம்பி கிழித்தது. ஊரில் எத்தனையோ காதுகள் என்று நினைத்துக்கொண்டு தேநீரை எடுத்தான்.

படம் அவனுக்கு வரவேண்டியதல்ல. தொலைவில் இருந்த ஆய்வுக்கூடத்தில், அங்கே வேலை பார்க்கும் சிட்டுவின் திரையில் வரவேண்டியது. ஸ்கேன் எண்களை முப்பரிமாண உருவமாக்கும் மென்பொருளை அங்குள்ள யூனிக்ஸ் கணினிகளில், இந்த அறையில் உட்கார்ந்தபடியே பல வருடங்களாக நிறுவி வருபவன் அவன். நாளை அதை விருந்தினர்களுக்குக் காட்டுபவருக்குத்தான் பிரிவின் தலைமைப் பொறுப்பு.

“சிட்டு காட்டட்டும். நல்லாப் பேசுவா. நீங்க எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துடுங்க” என்று சொல்லியிருந்தார் பேராசிரியர்.

நேற்று வந்தவள். வயிறு எரிந்தது. நிறுவும்போது நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தான். படம் இங்கே வரும். மவுஸ் அவளிடமே இருக்கும். வெறும் திரையை வைத்துக்கொண்டு நாளை அவள் திருதிருவென்று விழிக்கட்டும்.

பிற்பகல் வெயிலுக்கு இழுத்து மூடிய திரைச்சீலை, சூடேறிய தூசியின் மணம், ஏசியிலிருந்து வாளியில் சொட்டும் நீர், அதற்கு நடுவே மேஜையில் ஸ்பீக்கரில் போட்டிருந்த கைபேசியில், நாளைக்கு ஒத்திகை பார்க்கும் அவள் குரல்.

“அண்ணா, கறுப்பாத்தான் இருக்கு. உங்க யூனிக்ஸுக்கு என்னைக் கண்டாலே ஆகாது போல.”

“லைன் மந்தம். பொறு.”

“பொறுத்துப் பொறுத்து முடி நரைச்சிடும். சும்மா மவுஸை இழுத்துப் பாக்கறேன்.”

திரையில் தலை இடப்பக்கம் திரும்பியது. அவன் ஜன்னலைப் பார்த்தான். ஏன் பார்த்தோம் என்று தெரியவில்லை. தலை வலப்பக்கம் வந்தது. இப்போது அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தெலும்பு சொடுக்கியது. தாடையை இரண்டு கைகளாலும் பிடித்தான். கைகளையும் இழுத்துக்கொண்டு முகம் திரும்பியது.

‘இழுக்காதே’ என்றால் போதும். ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். விஷயம் பேராசிரியரிடம் போகும்.

“அங்க ஏதாவது தெரியுதா அண்ணா?”

பற்களைக் கடித்தான்.

“இல்ல.”

“அப்ப நல்லா இழுத்துப் பாக்கறேன்.”

தோள் தெரிந்தது. தோளைத் தாண்டியது. உள்ளே ஏதோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுகியது. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியின் முதுகு தெரிந்தது. தன் முதுகு தெரிந்தது. சட்டையில் வியர்வை.

கத்தினான். சத்தம் வரவில்லை.

“அண்ணா? இருக்கீங்களா? ஆளையே காணோம்.”

சொட்டு. சொட்டு.

“சரி, இங்க ‘வெட்டு’ன்னு ஒரு பட்டன் இருக்கு. மேலேர்ந்து ஒவ்வொரு அடுக்கா எடுத்து உள்ள காட்டுமாம். அமுக்கட்டுமா?”

கையை மேஜைப் பக்கம் துழாவினான். தேநீர்க் கோப்பை விழுந்தது. கைபேசி அகப்படவில்லை.

“அமுக்கறேன்.”

எதிரே பின்சுவர். அதில், கணினி வெளிச்சத்தில் விழுந்த அவன் நிழல். தோள்கள், கழுத்து, தலை.

கிளிக்.

நிழலின் உச்சி தட்டையாக இருந்தது.

“ஒண்ணும் ஆகலையே” என்றாள் சிட்டு.

கிளிக்.