மண் இனித்தது

மண்வெட்டி இறங்கிய இடத்தில் ஒரு மண்புழு கூட இல்லை. அவன் இரண்டடி தள்ளி வெட்டிப் பார்த்தான். அங்கும் இல்லை. மழை ஓய்ந்த மூன்றாம் நாள், ஈரம் ஊறிக் கிடக்கும் நிலத்தில், வெட்டுக்கு நாலு புழுவாவது நெளிய வேண்டும், அதைக் கொத்தக் காக்கைக் கூட்டம் முதுகுக்குப் பின்னால் அடித்துக்கொள்ள வேண்டும். காக்கையும் இல்லை, தவளையும் இல்லை. மூடிப்போன ஈயச் சுரங்கத்தின் சாம்பல் நிறக் குவியல் மட்டும் மேகத்தோடு மேகமாக மேற்கை அடைத்துக்கொண்டு நின்றது.

கை தானாக ஒரு சிட்டிகை மண்ணை நாக்கு நுனிக்குக் கொண்டுபோனது. அப்பன் காலத்துப் பழக்கம். புளித்தால் சுண்ணாம்பு போட வேண்டும், கரித்தால் தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். ருசி பார்த்ததும் துப்பிவிட வேண்டும்.

இனித்தது. அப்போதுதான் ஆபீசர் சொன்னது நினைவுக்கு வந்தது. காறித் துப்பினான்.

போன மழைக்காலத்தில் குவியல் உடைந்து சேறு கீழ்க்காட்டில் பரவிய நாளிலிருந்து இதே இனிப்புதான். இனிக்கிற மண் நல்ல மண் என்று அன்று அவன் தலைகால் புரியாமல் ஆடினான். எட்டு வண்டிச் சேறு அள்ளி மேட்டு நிலத்துக்கும் அடித்தான்.

"உன் மண்ணைப் பொட்டலம் கட்டி மிட்டாய்க் கடையில போடலாம்யா," என்று வண்டிக்காரர் சிரித்தார்.

முந்தாநாள் பரிசோதனைக்கு மண் எடுக்க வந்த ஆபீசர் சிரிக்கவில்லை. உறை மாட்டிய கையால்தான் மண்ணைத் தொட்டார். இவன் கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் வரப்பில் வைத்தார். ஜீப்பில் ஏறுமுன், கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பூட்ஸைக் கழுவினார்.

"மண்ணு நல்லா இனிக்குதே சார்?"

அவர் கழுவுவதை நிறுத்தினார். "வாயில வச்சீங்களா?"

"தெனமும் வைக்கிறதுதானே."

"இனிமே வேண்டாம். அந்த இனிப்பு ஈயமா இருக்கும். விஷம். ரிசல்ட் வர்றவரைக்கும் குழந்தைங்களை இந்த மண்ணுல இறக்காதீங்க."

அதனால்தான் இரண்டு நாளாக நாலு வயது மகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்கு இறங்குகிறான். பெண்டாட்டி காய்கறி மூட்டை கட்டும் கொட்டகைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். தொட்டிலில் கிடக்கும் தம்பியை மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். பயமில்லை.

காலையில் பெண்டாட்டி சொன்னாள். "பாப்பா சோத்தத் தொடவே மாட்டேங்குதுங்க. பசிக்கலையாம். வயிறு மட்டும் முறுக்குதாம்."

ஓங்கிய மண்வெட்டி பாதியில் நின்றது.

எட்டு வண்டி நிலத்துக்கு. ஒன்பதாவது வண்டி? அதைக் குழைத்து வீட்டுச் சுவர் முழுக்க அவனேதான் பூசினான். மழமழவென்று, கண்ணாடி மாதிரி.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

கதவைத் தள்ளியதும் ஈரச்சுவர் வாசனை முகத்தில் அடித்தது. மேகம் கவிந்து பட்டப்பகலில் வீடு இருண்டு கிடந்தது, அந்த இருட்டுக்குள், கட்டிலுக்குப் பின்னாலிருந்து, எலி பிறாண்டுவதுபோல மெல்ல, விடாமல், ஒரு சத்தம்.

"பாப்பா?"

சத்தம் நின்றது.

கட்டிலை இழுத்தான். சுவரில் ஒரு குழி. குழந்தை வாய் எட்டும் உயரத்தில். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்திலும். பூச்சு போய்க் கல் தெரிந்தது. எச்சில் பளபளத்தது.

மகள் திரும்பினாள். சிரித்தாள். பல்லுக்கு மேலே, ஈறு ஓரமாக, பேனாவால் இழுத்ததுபோல நீலக் கறுப்பில் ஒரு கோடு.

"துப்பு கண்ணு. அப்பா சொல்றேன்ல, துப்பு."

"நீ வச்சுப் பாக்குறல்ல. நானும் பாத்தேன். இனிக்குதுப்பா."

"நான் துப்பிருவேன்டி. நீ துப்பினியா?"

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "இனிப்பைப் போய் யாராச்சும் துப்புவாங்களா?"

அவன் விரல் அவள் வாய்க்குள். சாம்பல் நிற நுரை.

விரலைத் தள்ளிவிட்டு, அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"தம்பி கூடத் துப்பலப்பா."

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிறகு திரும்பினான்.

தொட்டில் ஆடவில்லை. வெள்ளைத் துணியின் விளிம்பில் ஐந்து சின்ன விரல்தடங்கள். சாம்பல் நிறம். அதன்மேல் ஐந்து. அதன்மேலும் ஐந்து.

உள்ளேயிருந்து, நிதானமாக, சப்புக்கொட்டும் சத்தம்.