கையைக் கட்டிக்கொண்ட பெரிய வியாழன்

இரண்டு தங்கப் பவுனுக்கு, கிரேக்க நாட்டு வோலோஸ் நகரின் கடைத்தெருவில் ஆயிரத்து இருநூறு யூரோ கொடுத்தார்கள். கல்யாணத்தன்று அவற்றை ஆர்கிரோவின் உடையில் குத்திவிட்டபோது அவள் அம்மாவின் கை நடுங்கியதே, அந்த நடுக்கத்தை யாரும் தராசில் வைக்கவில்லை. தராசுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

விற்றது ஜனவரியில். இன்று பெரிய வியாழன்; ஞாயிறன்று பாஸ்கா, அதாவது ஈஸ்டர். சமையலறையில் மாமியார் தெஸ்பினா பாஸ்கா முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். சாயத்தைவிட வேகமாக அவள் குரல் ஏறிக்கொண்டிருந்தது.

"மணி ஆறாச்சு! காபியை உறிஞ்சிக்கிட்டு நிக்கிறா பாரு! எம் பெரிய புள்ள அங்க ஒத்தையா மாவோட மல்லுக்கட்டுறான்..."

"பேக்கரிக்குத்தான் போறேன் அத்தை. ஆனா வேலை செய்யப் போகல."

"பின்ன? வேடிக்கை பாக்கவா?"

"ஆமா."

"திமிர்டி! வெள்ளிக்கிழமை தவறாம உன் கையில காசு எண்ணி வைக்கிறானாமே, எங்கிட்டயே சொன்னான். வாங்குறதையெல்லாம் எங்கடி புதைக்கிற?"

ஆர்கிரோ புருஷனைப் பார்த்தாள். டாக்சி ஓட்டுகிற லாம்ப்ரோஸ் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.

"அண்ணன்டி..." என்றான் தரையைப் பார்த்தே. "டாக்சி லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன். பாஸ்கா கழியட்டுமே..."

"உங்கண்ணன் கிறிஸ்துமஸ் கழியட்டும்னாரு, கழிஞ்சுது. கார்னிவல் கழியட்டும்னாரு, அதுவும் கழிஞ்சுது. இனிமே என் ஆயுசு ஒண்ணுதாங்க கழியணும்!"

கதவைச் சாத்திய சத்தத்தில் ஒரு முட்டை உருண்டு விழுந்து உடைந்தது.

புருஷனின் அண்ணன் ஸ்தெர்யோஸின் பேக்கரியில் ஆர்கிரோவோடு இன்னும் இரண்டு பெண்கள். ஹரிக்லியாவுக்கு வாய் அதிகம். அல்பேனியாவிலிருந்து வந்த மிரேலாவுக்கு வாடகை அதிகம். நான்கு மாதமாக மூவருக்கும் சம்பளம் இல்லை. 'வெளியே தெரிந்தால் அண்ணன் மானம் போய்விடும்' என்று லாம்ப்ரோஸ் கெஞ்சியதற்காக, பவுன் விற்ற காசை மாதம் நூற்றைம்பது வீதம் கவரில் போட்டு, "முதலாளி குடுத்தாரு" என்று இருவருக்கும் கொடுத்து வந்தாள் ஆர்கிரோ. ஏப்ரல் தொடங்கும்போது பவுனும் தீர்ந்தது, பொறுமையும் தீர்ந்தது. தொழிலாளர் சங்கத்து வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தாள். இந்த வாரத் திங்கட்கிழமை மூவர் பெயரிலும் ஸ்தெர்யோஸுக்கு நோட்டீஸ் போயிற்று.

கடையில் மாவு பொங்கிக்கொண்டிருந்தது. நானூறு பின்னல் ரொட்டிக்கு ஆர்டர். மாவைப் பிசைய மிஷின் உண்டு, பின்னுவதற்குக் கைதான் வேண்டும். ஆறு கைகளும் மார்பில் கட்டியபடி மாவு மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தன.

"ஸ்ட்ரைக்கா?" ஸ்தெர்யோஸ் சிரித்தார். "ரொம்பச் சந்தோஷம். இன்னைக்குச் சம்பளம் கட்!"

"ஸ்ட்ரைக் இல்ல பெரியவரே," என்றாள் ஆர்கிரோ. "ஸ்ட்ரைக்னா கூலி போகும். நீங்க எங்க காசைப் பிடிச்சு வச்சிருக்கீங்க, நாங்க எங்க வேலையைப் பிடிச்சு வச்சிருக்கோம். மூணு நாள் கெடு குடுத்தாச்சு, கெடுவும் முடிஞ்சுது. பாக்கி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கிற நாளுக்கும் சம்பளம் ஓடும். டாக்சி மீட்டர் மாதிரி. சந்தேகம்னா உங்க தம்பியைக் கேளுங்க."

தம்பி அப்போதுதான் அம்மாவோடு உள்ளே வந்தான். மருமகளை இழுத்துப்போய் வேலையில் நிறுத்துவதற்காக, கையைக்கூடக் கழுவாமல் டாக்சியில் ஏறி வந்திருந்தாள் தெஸ்பினா.

"ஏண்டா பெரியவனே, இவளுக்குத்தான் வாராவாரம் குடுக்கிறியே! அப்புறம் என்னத்துக்கு இந்தக் கூத்து?"

ஹரிக்லியா துள்ளி எழுந்தாள். "பாத்தியா மிரேலா! நான் சொல்லல? வீட்டு மருமகளுக்கு முழுச் சம்பளம், நமக்கு மாசம் நூத்தம்பது பிச்சை! நம்மகூட உக்காந்து நாடகம் வேற ஆடுறா!"

வாயைத் திறந்தது ஆர்கிரோ இல்லை, ஸ்தெர்யோஸ். கஞ்சனைத் திருடன் என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வான். கொடுக்காத காசைக் கொடுத்தான் என்றால் அவனுக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

"எவ சொன்னா நூத்தம்பதுன்னு? கிறிஸ்துமஸ்லேருந்து இந்தக் கல்லாவை விட்டு ஒருத்திக்கும் ஒரு சென்ட் வெளிய போகல! எண்ணிப் பாருங்கடி!"

அம்மாவிடம் சொன்ன பொய் அவருக்கு மறந்தே போயிருந்தது. அம்மாவுக்கு மறக்கவில்லை.

மிரேலாதான் மெதுவாகக் கேட்டாள். "அப்போ... அந்தக் கவரெல்லாம் யாரு குடுத்தது அக்கா?"

ஆர்கிரோவிடம் விற்பதற்கு இருந்தது எது என்று லாம்ப்ரோஸுக்குத் தெரியும். அவன் முகம் வெளுத்தது.

"ஆர்கிரோ... உங்கம்மா பவுனு?"

"வித்துட்டேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அண்ணன் மானம் போயிடும்னு அழுதீங்களே! அதைத்தான் காப்பாத்தினேன். ஆயிரத்து இருநூறு ஆச்சுங்க. இவ்வளவு பெரிய மானத்துக்கு மலிவுதான்!" சொல்லும்போதே குரல் உடைந்தது.

"அய்யோ, பாவி நானு! சோறு போட்ட கையையே கடிச்சேனே..." ஹரிக்லியா அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். மிரேலா ஆர்கிரோவின் உள்ளங்கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

தெஸ்பினா மூத்த மகனின் வெள்ளை ஏப்ரனைப் பிடித்தாள். ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

"எடுடா காசை."

"பாஸ்கா கழியட்டும்மா..."

"நான் கழிஞ்சப்புறம் குடுப்பியா? சரி!" ஒரு மூட்டையைத் தட்டி, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வருஷா வருஷம் பாஸ்காவுக்கு உன் கல்லாவுல நின்னேனே, எனக்கு எத்தனை வருஷப் பாக்கின்னு இன்னும் எண்ணல. நானும் கையைக் கட்டிட்டேன்!"

மாவு தொட்டியை மீறித் தரையில் வழிந்தது. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

"பாதி இப்போ... பாதி திங்கக்கிழமை?"

எட்டுக் கைகளும் அவிழவில்லை. இன்னொரு தொட்டியும் வழிந்தது.

ஸ்தெர்யோஸ் போனை எடுத்துப் பேங்க் கணக்கைத் திறந்தார். பல்லைப் பிடுங்குவதுபோல் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். மூட்டைகள்மேல் மூன்று போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. மிரேலா தன் போனை இரண்டு முறை பார்த்தாள். பிறகுதான் கட்டிய கைகள் அவிழ்ந்தன.

பின்னத் தொடங்கும்போது தெஸ்பினா ஆர்கிரோவின் மணிக்கட்டைப் பற்றினாள். "கொதிக்கிற சாயத்தை என் வாயில ஊத்தணும்டி..." என்று தேம்பினாள். ஆர்கிரோ அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "ஊத்தலாம் அத்தை. முதல்ல போய்க் கையைக் கழுவுங்க, ரொட்டியெல்லாம் சிவந்துடும்."

அன்று மாலைக் கணக்கு இது. மூன்று பேருக்கு மாதம் எண்ணூறு வீதம் நான்கு மாதம், ஆளுக்கு நானூறு பாஸ்கா போனஸ், ஆக மொத்தம் பத்தாயிரத்து எண்ணூறு: வந்தது. ஹரிக்லியாவும் மிரேலாவும் பிடிவாதமாகத் திருப்பிய ஆயிரத்து இருநூறு: வந்தது. அதே இரண்டு பவுனுக்குக் கடைக்காரன் இப்போது கேட்பது ஆயிரத்து நானூறு, அவனும் பிழைக்க வேண்டுமே. இருநூறு குறைகிறது: ஸ்தெர்யோஸ் பேரில் பற்று. மன்னிப்பு ஒன்று: அதுவும் அவர் பேரில்தான். கேட்டதற்கு, பாஸ்கா கழியட்டும் என்றார்.