மூன்று வெள்ளைக் கொட்டைகள்

செஞ்சி நெல் மண்டியின் களத்தில் பாண்டுரங்கன் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார். மூன்று நாளாகியும் எடை போட அவர் முறை வரவில்லை. கோட்டை மலைமேல் மேகம் அசையாமல் நின்றது.

சனிக்கிழமை என்பதால் மகள் ஷோபனாவும் காவலுக்கு வந்திருந்தாள். போன வருடம் புயலில் நனைந்த நெல் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது. அந்தப் புளித்த வாடை இன்னும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை.

"நைனா, போன்ல நாளைக்கு மழைக்கு இன்னா போட்டிருக்குது?"

"முப்பது சதவீதம். பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சு. மழை ஃபெயிலு."

பக்கத்தில் நெல் காயவைத்திருந்த கௌஸ் பாஷா சிரித்தார். "ஃபெயிலான மழை வந்தாலும் தூறல்தான் பாண்டு."

ஷோபனா சிரிக்கவில்லை. விளையாட வைத்திருந்த பத்துப் புளியங்கொட்டைகளை எடுத்தாள். மூன்றை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, பத்தையும் ஒரு பையில் போட்டாள்.

"கம்ப்யூட்டர் நாளைய வானத்தைப் பல தடவை கணக்குப் போட்டுப் பாக்குமாம். டீச்சர் சொன்னாங்க. பத்துல மூணு தடவை மழை. தூறுமா, கொட்டுமான்னு அந்த முப்பது சொல்லாது. கண்ண மூடி ஒண்ணு எடு நைனா."

எடுத்தார். கறுப்பு.

"பாத்தியா?"

"வெள்ளை மூணும் உள்ளதான் இருக்குது. கடல் சூடாவுதாம். அம்பது வருஷத்துக்குக் கணக்குப் போட்டாலும் பேய்மழை கூடும்னுதான் வருதாம்."

பாண்டுரங்கன் மறுபடி பைக்குள் கையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"மூடி வெச்சுட்டு மழை வராம போனா?"

"திரும்பப் பரப்பணும். முதுகு வலிக்கும். அவ்ளோதான்."

வெறுங்கையை உருவிக்கொண்டு எழுந்தார். இருவரும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடி, ஓரங்களில் கல் வைத்தார்கள்.

"பாப்பா ஜோசியம் சொல்லுதா?" என்றார் கௌஸ் பாஷா.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மழை வந்தது. தூறவில்லை. கொட்டியது. ஷோபனாவும் நைனாவும் கௌஸ் பாஷாவின் நெல்லை மூட ஓடினார்கள். தார்ப்பாய் போதாமல் பாதியைத்தான் மூட முடிந்தது. மீதி, தண்ணீரோடு சாக்கடைப் பக்கம் போனது.

"ஈரத்தைத் தனியா அள்ளலாம் மாமா. காஞ்சதோட சேந்தா அதுவும் முளைச்சிடும்," என்றாள் ஷோபனா. அவர் ஒரு காலிச் சாக்கை விரித்துப் பிடித்தார்.

அள்ளி முடித்துக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். பாண்டுரங்கன் பையிலிருந்து ஒரு கறுப்புக் கொட்டையை எடுத்து, சிமெண்டுத் தரையில் மெல்லத் தேய்த்தார். வெள்ளையானதும் திரும்ப உள்ளே போட்டார்.

"இன்னொரு தார்ப்பாய் வாங்கி வெக்கணும்," என்றார்.

"ரெண்டா வாங்கு நைனா," என்றாள் ஷோபனா, கௌஸ் பாஷாவைப் பார்த்தபடி.