விஷம் விடாத குடுவை

மருந்தே விடாத குடுவை மறுபடியும் சிவந்து ஒளிர்ந்தது.

நீல விளக்கின் கீழ் அப்படிச் சிவப்பது களைக்கொல்லி தின்ற பாசியின் வேலை. விழுங்கிய வெளிச்சத்தைச் செரிக்க முடியாமல் ஒவ்வொரு செல்லும் அதைச் சிவப்பாகக் கக்கும். இருட்டில் வைத்தால் உயிரோடு கிடக்கும். பகல் வெளிச்சம் பட்டதோ, பச்சையம் வெளுத்து, சவ்வு கிழிந்து, கஞ்சியாக ஒழுகிவிடும். மருந்து படாத பாசி மட்டும் இருண்டு கிடக்க வேண்டும். அந்த ஒன்றைத்தான் ஆய்வாளர் ரோவேனாவால் காட்ட முடியவில்லை. நாளை விசாரணை. சுத்தமான குடுவை இல்லாமல், வயல் மருந்துதான் லகூனா ஏரியைக் கொல்கிறது என்று எந்த அதிகாரி நம்புவான்? தீர்ப்புக்குக் காத்திருந்தே ஏரி மீனவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. அவள் மாற்றி ஊற்றிய தண்ணீரில் இன்னொரு ஏரியே நிரப்பியிருக்கலாம். தேய்த்த தேய்ப்பில் குடுவைக் கண்ணாடி பாதி கரைந்திருக்கும்.

"யாரோ எனக்குச் செய்வினை வெச்சிருக்காங்க, பெபோட்!"

இருட்டறைக் கதவுக்கு வெளியே உதவியாளன் பெபோட் சிரித்தான். "உங்க சமையலைச் சாப்பிட்டவங்களா இருக்கும் அக்கா. மருந்து கலக்கிட்டுக் கை கழுவினீங்களா?"

"உழைச்ச கையில உடனே தண்ணி பட்டா பாஸ்மா வந்து கை நடுங்கும்னு நீதானேடா சொன்னே! துணியில துடைச்சிட்டு..."

நிறுத்தினாள். துடைத்த கையோடு நேரே இந்தக் குடுவையைத்தான் தொட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும்.

பாஸ்மா வந்து தொலையட்டும். தோல் உரியக் கழுவினாள். புதுக் குடுவையில் புதுப் பாசியை ஊற்றிவிட்டு, ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் குளிர்பெட்டியின் முனகலும் குழாய் சொட்டும் ஓசையும் சூழ, மழை விட்டு வெயிலடிப்பது கதவிடுக்கில் வெள்ளைக் கோடாகத் தெரிவதைப் பார்த்தபடி காத்திருந்தாள். பிறகு நீல விளக்கைப் போட்டாள்.

குடுவை இருண்டிருந்தது.

"கிடைச்சிடுச்சுடா!"

ஆனால் அறையில் சிவப்பு இருந்தது. குடுவையைத் தூக்கிய கையில். விரல் நுனிகளில். ரேகைகளில். தேய்த்தாள். போகவில்லை. தோலின் மேல் இல்லை. உள்ளே. மணிக்கட்டு தாண்டி, முழங்கை தாண்டி, கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் தனியாகத் துடித்தது.

வலியில்லை. இருட்டில் வலிக்காது.

"எங்க, காட்டுங்க அக்கா!" தாழ்ப்பாள் அசைந்தது.

"திறக்காதே!"

வெள்ளைக் கோடு அகன்றது. தரையில் படர்ந்தது. மேசை ஏறியது. விரல்களைத் தொட்டது.

நுனிகள் முதலில் வெளுத்தன. பிறகு, சத்தமே இல்லாமல், ஒழுகத் தொடங்கின.